வலது சுண்டுவிரல்

வலது கையுறையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வேலையறைக்குள் வந்த பல்செட்காரர் அதைப் பார்த்தார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கறுப்பு ஃபோமில் வெட்டி, ஒட்டி, சூடு காட்டி வளைத்த ஒரு கையுறை. மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. நான்கு விரல்கள் ஒழுங்காக ஒரே பக்கம் பார்க்க, ஐந்தாவது மட்டும் பந்தியில் முதல் வரிசை கிடைக்காத சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அவருடைய மச்சானுக்கும் சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும். ஆனால் இடது கையில்.

அந்த வளைவுக்கும் பல்செட்காரர்தான் காரணம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்தன்று, மாப்பிள்ளை மிடுக்கில் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினார். கதவிடுக்கில் ஆறு வயது மச்சானின் இடது சுண்டுவிரல் இருந்தது. பையன் அழுது முடித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன், யார் கூப்பிட்டும் போகாமல், கதவைச் சாத்திய மாமாவின் கட்டைவிரலைத் தன் வலது சுண்டுவிரலால் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டான். அன்று முழுக்க விடவில்லை. பல்செட்காரர் ஒரு பக்கம் மனைவியையும் மறுபக்கம் மச்சானையும் பிடித்துக்கொண்டேதான் புது வாழ்க்கைக்குள் நுழைந்தார். இரண்டு பக்கமும் இன்றுவரை விட்டபாடில்லை.

மச்சானுக்கு இப்போது இருபத்துநாலு வயது. ஆறடி இரண்டங்குல உயரம், அதற்கேற்ற அகலம் கிடையாது. ஆகவே பெயர் ஒட்டடைக்குச்சி. கூப்பிட நேரமில்லாதவர்களுக்கு ஒட்டடை. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. விடுமுறை நாளில் கணினி விளையாட்டுகளில் வரும் ஆட்களைப்போல வேஷம் கட்டிக்கொண்டு போய் மேடையில் நிற்பான். காஸ்ப்ளே என்று அதற்குப் பெயர். அந்த வேஷங்களைச் செய்து கொடுப்பது மாமாவின் வேலை. ஏனென்றால் அச்சு எடுப்பது, அளவு எடுப்பது, இல்லாததை இருப்பதுபோல் செய்வது எல்லாம் பல்செட்காரருக்குக் கைவந்த கலை.

அவருடைய வேலையறை வீட்டின் பின்பக்கம். அலமாரி முழுக்க, பல் டாக்டர்கள் அனுப்பிய பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கே ஐந்து நிமிடம் உட்கார மாட்டார்கள். இவர் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பயந்த சுபாவம் கிடையாது. மாமியார் வீட்டில் தனியாக மூன்று வாரம் இருந்து உயிரோடு திரும்பியவர்.

அதனால் வளைந்த சுண்டுவிரலைப் பார்த்து அவர் பயப்படவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் நடந்த தப்பு.

உடம்பை ஒட்டிய வேஷத்துக்கு அளவுநாடா போதாது. ஆளை நிற்கவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்குமேல் சாம்பல் நிற டேப்பை இறுக்கி ஒட்டி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஓடாக்கிவிட வேண்டும். மூச்சுக்கு மட்டும் வாயருகே ஒரு கீறல். பிறகு நடுவில் மார்க்கரால் ஒரு கோடு. கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினால், ஆளின் தோல்மாதிரி ஒரு கூடு கையில் வரும். அதிலும் பாதி போதும். ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஃபோமில் வரைந்துகொண்டு, அதையே திருப்பிப் போட்டால் மறுபக்கம். வேலை பாதி, நேரம் பாதி. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத ஆளுக்கு மட்டும் முழு அளவு எடுக்க வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வெயில். மச்சானின் இடது பக்கம் ஜன்னல்பக்கம் இருந்தது. எட்டும் பக்கத்தை வெட்டினார்.

"மாமா, மூக்கு அரிக்குது" என்றது கூடு.

"அரிக்கட்டும். உன் வேஷத்துக்கு மூக்கே கிடையாது."

அந்த வேஷம் ஒரு வாசற்காவலன். ஏழடி உயரம், முகமில்லாத தலைக்கவசம், யாரையும் உள்ளே விடாததைத் தவிர வேறு வேலை கிடையாது. "ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்திருப்பான் போல" என்று படத்தைப் பார்த்ததும் பல்செட்காரர் சொல்லியிருந்தார்.

"வலது பக்கத்தை என்ன பண்ணுவீங்க மாமா?"

"தூக்கிப் போடுவேன். பாதி போதும்."

"அப்ப நான் பாதி ஆளா?"

"முழுசா நின்னாலும் நீ பாதி ஆளுதான்டா. அகலத்தைப் பாரு."

கூடு சிரித்தது. சிரிக்கும்போது டேப் முழுக்கக் கிறுகிறுவென்று சத்தம் போட்டது.

இடது பாதி துண்டுகளானது. வலது பாதி, பாம்பு உரித்த சட்டைமாதிரி, தலையிலிருந்து கால்வரை ஒரே உருவமாகக் கழன்றுவந்தது. அதை மடித்து, ஃபோம் கழிவு போடும் பெரிய கறுப்பு மூட்டைக்குள் திணித்தார். கை மட்டும் உள்ளே போகவில்லை. சுண்டுவிரல் மூட்டையின் வாயில் தொங்கிக்கொண்டு நின்றது. ஸ்கேலால் குத்தி உள்ளே தள்ளினார். மூட்டையை மேசைக்கடியில் உதைத்தார்.

ஆக, வேஷத்தில் இரண்டு பக்கமும் இடது பக்கம். ஒட்டடைக்கு இடது காது விடைத்திருக்கும். தலைக்கவசத்தில் இரு பக்கமும் விடைப்பு. இடது தோள் கொஞ்சம் உயரம். வேஷத்தில் இரண்டு தோளும் உயரம். சட்டை மாட்டும் ஸ்டாண்டில் அதை நிற்கவைத்தால், என்ன கேட்டாலும் 'எனக்கென்ன தெரியும்' என்று தோளைத் தூக்கிக் காட்டுகிறவன் மாதிரி இருந்தது.

தோளையும் காதையும் யாரும் கவனிக்கப்போவதில்லை. விரலைச் சரிசெய்தால் போதும் என்று ஹீட் கன்னை எடுத்தார். சூடு பட்டதும் ஃபோமின் மேல்தோல் பளபளத்தது. ரப்பர் தீய்கிற இனிப்பு நாற்றம் எழுந்தது. விரலை நேராக்கி, ஆறும்வரை பிடித்துக்கொண்டார். விட்டார்.

மெதுவாக, மிக மெதுவாக, கிறுக் என்ற சின்னச் சத்தத்தோடு, அது மறுபடி வளைந்தது.

ஃபோமுக்கு ஞாபகம் உண்டு. சூடு காட்டினால் பழையபடி ஆகப் பார்க்கும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பிறந்தது தட்டைத் தாளாக. அதன் ஞாபகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும். விரலாக இருக்கக் கூடாது.

கட்டரை எடுத்து அந்த விரலை அடியோடு நறுக்கினார். தன் சொந்த விரலை மாதிரியாக வைத்துப் புதிதாக ஒன்று செய்தார். இரண்டு விளிம்பிலும் செருப்புப் பசையைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, சேர்த்து அழுத்தினார். அந்தப் பசை சேர்த்தால் சேர்த்ததுதான். பிறகு இழுத்தால் ஃபோம் கிழியுமே தவிர ஒட்டு பிரியாது. கல்யாணங்களுக்கு இவ்வளவு நல்ல பசை இன்னும் வரவில்லை.

வெளியே மணிச் சத்தம். குப்பை வண்டி.

"என்னங்க, அந்த மூட்டையைக் குடுங்களேன்! பத்து நாளாச்சு!" என்று மனைவி முன்னறையிலிருந்து கத்தினாள்.

"கையெல்லாம் பசை. வெள்ளிக்கிழமை வண்டி வரும்ல, அப்பப் போடலாம்."

"வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொல்வீங்க."

வண்டி போய்விட்டது.

புதன்கிழமை காலையில் புது விரல் வளைந்திருந்தது.

ஒட்டு அப்படியே இருந்தது. வெட்டு இல்லை, பிளவு இல்லை. அவர் குனிந்து, கழிவுத் தட்டில் நேற்று நறுக்கிப்போட்ட பழைய விரலைத் தேடி எடுத்தார்.

அது நேராக இருந்தது.

பல்செட்காரர் வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அலமாரியில் தாடைகள் இளித்தன. பிறகு, வேறென்ன செய்வது, டீ குடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் கடை முடிந்து ஒட்டடை வந்தான். முன்னறையில் நுழைந்தவனைப் பார்த்து அக்காக்காரி சிரித்தாள்.

"ஒரு கால்ல செருப்பு எங்கடா?"

"போட்டிருக்கேனே" என்றான். குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். தெருச் சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது. "அட. எப்ப கழண்டுச்சுன்னே தெரியலையே."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்செட்காரர் சிரிக்கவில்லை.

"ரெண்டு மூணு நாளாவே இப்படித்தான் மாமா. வலது கை மரத்துப் போகுது. ஸ்க்ரூவை எடுக்கிறேன், கையில இருக்கா விழுந்துடுச்சான்னே தெரியல. இன்னைக்கு ஒரு போனையே கீழ போட்டுட்டேன். ஓனர் மொறைக்கிறாரு."

"எப்பப் பாரு குனிஞ்சே இருந்தா கழுத்து நரம்பு என்ன ஆகும்?" என்றாள் அக்கா. "திங்கக்கிழமை டாக்டரைப் பார்த்துடு. ஞாயித்துக்கிழமை வேஷப் போட்டி முடியட்டும்."

அவன் டீயைக் குடித்தான். வாயின் வலது ஓரத்திலிருந்து ஒரு கோடு வழிந்து தாடையில் இறங்கியது. துடைக்கவில்லை. தெரியவில்லை.

"கையை நீட்டு. உறைக்கு அளவு சரிபார்க்கணும்" என்றார் பல்செட்காரர். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. இடது மணிக்கட்டில் நாடாவைச் சுற்றினார். பதினாறு சென்டிமீட்டர். வலதில் சுற்றினார். நாடா சுற்றிக்கொண்டே போனது.

பதினாலு.

டேப் சுற்றிய அன்று இரண்டும் பதினாறு. அவரே எழுதிவைத்த எண்.

"என்ன மாமா, இளைச்சுட்டேனா?"

"நீ எதை வச்சுடா இளைக்கப்போறே?" என்றார். அவன் சிரித்தான். அவனுக்கு எப்போதுமே சிரிப்பு இடது ஓரத்தில் மட்டும்தான் ஏறும். இன்றைக்கு அந்த ஓரம் சிரிக்கும்போது மறு ஓரம் வெறுமனே தொங்கியது.

மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? உன் தம்பியின் ஒரு பாதியை இரண்டாகச் செய்துவிட்டேன், மறு பாதியைக் குப்பை மூட்டையில் போட்டிருக்கிறேன் என்றா? பல் வேலையில் ஒரு கடைவாய்ப்பல்லைக்கூட இடம் வலம் மாற்றி வைத்ததில்லை அவர். இருபது வருடத்தில் ஒரு முறைகூட இல்லை. தன் வீட்டுப் பையன் என்றதும் கை கூசவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு வழி தெரிந்தது. வலது பக்கத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, வலது அளவிலிருந்தே புதிதாகச் செய்துவிட வேண்டும். நேரான விரலோடு, படிந்த காதோடு, இறங்கிய தோளோடு. அவ்வளவுதான். அதற்கு வலது பாதிக் கூடு வேண்டும். அது மூட்டையில் இருக்கிறது. மூட்டை மேசைக்கடியில் இருக்கிறது. கைநீட்டினால் எடுத்துவிடலாம்.

மத்தியானம்வரை கைநீட்டவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் வழிகிற தண்ணீரின் நிழல், சுவரிலும் தாடைகளிலும், ஸ்டாண்டில் தோளைத் தூக்கி நிற்கும் காவலனின் முகமில்லாத முகத்திலும் புழுக்கள்போல நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அறையெங்கும் பசையின் நெடியும், ஈரப் பிளாஸ்டரின் நெடியும், அவற்றுக்கடியில் வேறு ஏதோ ஒன்றும், வெகுநேரம் கட்டுப்போட்டு அவிழ்த்த கையில் வருமே, அந்த வெள்ளைத்தோல் வியர்வை வாசமும், கலந்து நின்றது. வாசம் கீழேயிருந்து வந்தது.

ஃபோம் கிறுகிறுத்தது. குளிரில் சுருங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். சத்தம் ஸ்டாண்டின் பக்கமிருந்து வந்ததால் அந்தச் சமாதானம் பொருந்தியது.

அடுத்த சத்தம் மேசைக்கடியிலிருந்து வந்தது.

பிளாஸ்டிக் பை உள்ளே இழுபடும். வெளியே புடைக்கும். உள்ளே. வெளியே. நிதானமாக. தூங்குகிறவர்களுக்கு இருக்குமே, அந்த நிதானம்.

காற்று, என்றார் பல்செட்காரர். ஜன்னல் சாத்தியிருந்தது.

நாற்காலியில் இருந்தபடியே பாதத்தை நீட்டி மூட்டையைத் தள்ளிப் பார்த்தார். ஃபோம் துணுக்கும் டேப்பும்தான் உள்ளே. பஞ்சு கனம்கூட இருக்கக் கூடாது. மூட்டை அசையவில்லை. அழுத்தித் தள்ளினார். அசையவில்லை. காலை எடுத்துக்கொண்டார்.

அப்போது அசைந்தது. அவர் பக்கமாக.

கொட்டுகிற மழையில், கொல்லையில், வெறும் தலையோடு நின்றுகொண்டிருந்தவரை மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"உள்ள புழுக்கமா இருக்கு."

"இந்த வயசுல இது வேறயா" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை. வேஷமும் மூட்டையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று மட்டும் அவருக்குப் பட்டது. காலையிலேயே ஸ்டாண்டோடு காவலனை இழுத்துக்கொண்டு போய் முன்னறையில் நிறுத்தினார். பிறகு மச்சானுக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு வராதே. நான் சொல்றவரைக்கும் அதைப் போட்டுப் பார்க்காதே. கேக்குதா?"

"ஏன், என்னாச்சு?"

"வலது பக்கம் தப்பா வந்திருக்கு. திருத்தணும். நாளைக்குச் சொல்றேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும். அதுவும் ஒரு பக்கமாகச் சீறி வந்தது.

"சரி மா" என்றான்.

லைன் கோளாறு. இருக்கும். பல்செட்காரர் போனை வைத்தார்.

மூன்று மணிக்கு வேலையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையை இழுத்தார். இந்த முறை வந்தது. முடிச்சை அவிழ்த்தார். ஃபோம் துணுக்குகளை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டார். கறுப்புத் துணுக்குகள். சாம்பல் துணுக்குகள். அடியில் கூடு.

அவர் அதை மடித்துத் திணித்திருந்தார். இப்போது அது மடிந்து இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டிக்கொள்ள இருந்தது ஒரு கை. கட்டுவதற்கு இருந்தது ஒரு கால்.

தூக்கி மேசைமேல் கிடத்தினார். பன்னிரண்டு வயதுப் பையனின் கனம் இருந்தது. வெட்டுப்பட்ட விளிம்பில், உள்ளே பார்த்தால் வெற்றிடம் தெரிய வேண்டிய இடத்தில், என்ன தெரிந்தது என்று அவர் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தார். தெரிந்தது டேப்பின் மேற்பரப்பு மட்டும். அரை நெற்றி. ஒரு கண்மேடு. படிந்த காது. வாயருகே மூச்சுக்காக அவர் கீறிய கீறலில் பாதி.

வேலையைப் பார், என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். மார்க்கரை எடுத்தார். மணிக்கட்டில் கோடு போட இடது கையால் அழுத்திப் பிடித்தார்.

டேப் வெதுவெதுப்பாக இருந்தது.

கட்டைவிரலுக்கடியில் ஏதோ தட்டியது. நின்றது. தட்டியது.

"இருடா" என்றார், தன்னையறியாமல். "இரு. நான் பண்ணிடறேன். சாயங்காலத்துக்குள்ள பண்ணிடறேன்."

முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியின் குரல்.

"திரும்புடா. ஜிப் போட்டுவிடறேன்."

மார்க்கர் உருண்டு கீழே விழுந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். நடை பதினைந்து அடிதான். ஓடும்போதே ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து மேலே. நீளமாக. முடிந்தது.

ஸ்டாண்ட் காலியாக இருந்தது. முன்னறை நடுவில் காவலன் நின்றான். தலைக்கவசம் உத்தரத்தைத் தொட்டது. தோள்கள் தூக்கியிருந்தன.

"நீங்க வேண்டாம்னீங்களாம், இவன் கேக்காம வந்துட்டான்" என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. "வலது கைதான் உறைக்குள்ள போகவே மாட்டேன்னுச்சு. வலிக்குது வலிக்குதுன்னான். நான்தான் பிடிச்சு ஒரே அழுத்தா அழுத்தினேன். போயிடுச்சு."

"கழட்டு" என்றார் பல்செட்காரர்.

"இருங்க, ஒரு போட்டோ…"

"கழட்டச் சொல்லு!"

காவலன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். இரண்டும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஒரே வேகத்தில். தலைக்கவசத்தைப் பிடித்துத் தூக்கினான்.

ஒட்டடையின் முகம். இரண்டு பக்கமும் காது விடைத்திருந்தது. நெற்றி நடுவிலிருந்து தாடைவரை கண்ணாடியை நட்டுவைத்ததுபோல, இந்தப் பக்கம் என்னவோ அந்தப் பக்கமும் அதுவே. அவன் சிரித்தான். சிரிப்பு இரண்டு ஓரத்திலும் ஏறியது. தோலில், சூடு பட்ட ஃபோமின் பளபளப்பு.

"மரத்துப்போனதெல்லாம் போயிடுச்சு மாமா" என்றான். குரல் அவன் குரல்தான். "இப்பத்தான் சரியா இருக்கு."

உறைகளைக் கழற்றினான். பத்து விரல்கள். இரண்டு சுண்டுவிரல்களும் வெளியே வளைந்திருந்தன.

"அவன் வலது கையைப் பாரு" என்றார் பல்செட்காரர். "விரலைப் பாரு."

"என்ன விரலுக்கு?"

"வளைஞ்சிருக்கு."

"கார்க் கதவைச் சாத்தினது நீங்கதானே? இப்ப என்ன புதுசா பார்க்கறீங்க?"

"அது ஒரு கை."

அவள் தம்பியின் கைகளைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

"ரெண்டும்தான்" என்றாள்.

தெருக்கோடியில் மணி அடித்தது. குப்பை வண்டி.

"இன்னைக்காவது அந்த மூட்டையைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாசலுக்குப் போனாள், வண்டியை நிறுத்த.

அவர் பின்னோக்கி நடந்தார். திரும்பவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டாமல் நடந்தார். கை பின்னே வேலையறைக் கதவைத் துழாவியது. உள்ளே போனார். சாத்தினார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. நகரவில்லை.

மேசை.

கிடத்தியபடி இல்லை. பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வாசல் பக்கமாக. ஒரே கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. வாய்க் கீறலில் டேப் உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. உள்ளே.

அவர் பக்கத்தில் போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

கை விளிம்பை விட்டது. காற்றில் தடவியது. அவர் கையைக் கண்டுபிடித்தது. வளையாத, நேரான, சாம்பல் நிறச் சுண்டுவிரல் அவருடைய கட்டைவிரலைச் சுற்றிக் கொக்கி போட்டது.

"மா" என்றது.

அவ்வளவுதான் வந்தது. மீதிக்கு வாய் இல்லை. மறுபடி முயன்றது. டேப் நடுங்கியது.

"மா."

அவருக்குப் பின்னால் கதவு திறந்தது.

"மா" என்று வாசலிலிருந்து இன்னொரு குரல் அந்த வார்த்தையை முடித்துவைத்தது.

மணி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வண்டியின் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. மனைவி யாரிடமோ சிரித்துப் பேசினாள். "ஒரு நிமிஷம்ங்க, வந்துடுவாரு."

அவன் உள்ளே வந்தான். குனிந்து, தரையில் கிடந்த கறுப்பு மூட்டையை எடுத்து ஒரு உதறு உதறினான். மேசையருகே நின்றான். இரண்டு சுண்டுவிரல்களாலும் மூட்டையின் வாயை இரு பக்கமும் சமமாக விரித்துப் பிடித்தான். தோள்களைத் தூக்கியபடி, இரண்டு ஓரமும் சிரித்தபடி, காத்திருந்தான்.

"போட்டுடுங்க மாமா. பாதி போதும்."

கட்டைவிரலைப் பிடித்திருந்த விரல் இறுகியது.